முன்சக்கரம் இழுக்காத வாரம்

திங்கட்கிழமை காலையில் சந்தனசாமியின் வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. பின்சக்கரம் இரண்டும் செம்மண் சேற்றை வாரி வாரி வீச, முன்சக்கரம் இரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டிய வண்டி அது. அதற்கென்று கியருக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரையும் தள்ளியாகிவிட்டது. டாஷ்போர்டில் பச்சை விளக்கும் எரிந்தது. விளக்கு எரிந்தால் முன்சக்கரம் இழுக்கிறது என்று அர்த்தமாம். வண்டி விற்கிறவன் அப்படித்தான் சொல்வான். அவனா மேட்டில் ஏறப் போகிறான்?

பெக்கோக் பட்டணத்திலிருந்து எண்ணெய்க்காக நட்ட செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி உள்ளே போனால் அந்த மேடு வரும். மேட்டுக்கு மேலே, உடம்பெல்லாம் முள்ளான டுரியான் பழத்துக்கு ஆறு தோப்பு. ஆறும் நம் ஆட்களுடையது. வருடக் கடைசியில் மழையும் பழமும் ஒன்றாகத்தான் வரும். மண் ரோடு சோப்புக்கட்டியாகிவிடும். ராத்திரி விழுந்த பழத்தைக் காலையிலேயே இறக்கியாக வேண்டும். ஒரு நாள் கிடந்தால் வாய் பிளந்துவிடும், இரண்டு நாள் கிடந்தால் புளித்துவிடும். பதினெட்டு வருடமாக அந்தப் பழத்தை இறக்குகிறவர் சந்தனசாமி. எழுபத்தொரு வயசு. அவருக்கு வேறு வேலை கிடையாது, வேறு வேலை வேண்டும் என்று அவர் நினைத்ததும் கிடையாது.

வண்டி உறுமி உறுமி அடங்கிய சத்தம் கேட்டு மேலிருந்து காளியம்மா குடையோடு நடந்து வந்தாள். கடைசித் தோப்பு அவளுடையது. புருஷன் போன பிறகு தனியாளாகத் தோப்பைக் கட்டிக் காத்தவள். மற்ற ஐந்து தோப்புக்காரர்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

"என்னாண்ணே, நின்னுட்டீங்க?"

"நான் நிக்கல. வண்டிதான் நிக்குது."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதான். மேல நூத்தம்பது பழம் கெடக்கு. அதுங்ககிட்ட போயி என்னா சொல்லட்டும்?"

"கொஞ்சம் இருக்கச் சொல்லு."

"இருக்காதுண்ணே. வெடிக்கும்."

சந்தனசாமி ரிவர்ஸ் கியரைப் போட்டார். கால் மைல் தூரம் பின்பக்கமாகவே வண்டியை இறக்கினார். அதுவே ஒரு கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதைப் பாராட்ட அங்கே ஆள் இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை பையன்கள் மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிப் பழம் இறக்கினார்கள். கால்வாசி வந்தது. முக்கால்வாசி மேலேயே நாறியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காளியம்மா வீட்டு வாசலுக்கே வந்து சொன்னாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"சனிக்கிழமை காலையில ஏறிக் காட்டுங்கண்ணே. ஏறலன்னா லெட்சுமணனோட புதுவண்டிக்குச் சொல்லிடுவேன். ரெண்டு வருசமா பழம் எறக்கற வேலையக் கேட்டுக்கிட்டே இருக்கான். நான்தான் உங்க மூஞ்சிக்காகப் பதில் சொல்லாம இருக்கேன்."

"சொல்லிக்கோ. அவன் வண்டி மேட்டுக்குத் தாங்காது."

"உங்க வண்டியும்தான் தாங்கல."

"என் வண்டி தாங்கும். என் வண்டியில கை வெச்சிட்டானுங்க. தம்போய்ல என் மருமகன் பட்டறையில கிளட்ச் மாத்த விட்டேன்ல, மூனு வாரம் ஆச்சு. அங்கதான் எதையோ உருவிட்டான். நல்ல சாமான எடுத்துக்கிட்டு ஓட்டச் சாமான வெச்சிட்டான்."

"சொந்த மருமகனாண்ணே?"

"மருமகன்னா கை இல்லையா அவனுக்கு?"

இதுதான் சந்தனசாமி. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்கிற ஆள். கோப்பிக்கடையில் பால் ஊற்றுகிறவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு எழுத்தில் எழுதியதைக் கண்டாலே சந்தேகம். அச்சடித்த பேப்பரை யாராவது நீட்டினால், "இதுல என்னா திருட்டு இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்.

சொன்னது சும்மா இருக்குமா? காளியம்மா கோப்பிக்கடையில் சொன்னாள். கோப்பிக்கடை பெக்கோக் முழுக்கச் சொன்னது. புதன்கிழமை மத்தியானம் தம்போயிலிருந்து மகள் மெலிசா கூப்பிட்டாள்.

"அப்பா, என் புருஷன திருடன்னு சொன்னீங்களாமே?"

"திருடன்னு சொல்லல. சாமான உருவிட்டான்னு சொன்னேன்."

"அதுக்கு வேற என்னாப்பா பேரு?"

போனைக் கணவன் வாங்கிக்கொண்டான். ஜோனதன். நாற்பத்தாறு வயசு, சொந்தப் பட்டறை, இருபது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, நான் கிளட்ச் மட்டும்தான் தொட்டேன். முன்சக்கரம் இழுக்கலன்னா உங்க ட்ரான்ஸ்பர் போயிருக்கும். வயசாச்சுலா அந்த வண்டிக்கு. என்கிட்ட ஒன்னு கெடக்கு, கழட்டி வெச்சது. வெள்ளிக்கிழமை கொண்டாந்து மாத்திக் குடுக்கறேன். அப்பறம் யாரு திருடன்னு பேசிக்கலாம்."

கியர்பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் இன்னொரு சின்னப் பெட்டிக்குத்தான் ட்ரான்ஸ்பர் என்று பெயர். இஞ்சினின் இழுவையில் பாதியை முன்சக்கரத்துக்கு அனுப்புவது அதன் வேலை.

"கொண்டா. ஆனா நான் பாக்காம ஒரு ஆணியக்கூட கழட்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு சந்தனசாமி போனை வைத்தார்.

சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி சூசையம்மாள் எட்டிப் பார்த்தாள். "பேத்திங்க நல்லாருக்காங்களான்னு கேட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"ஆணி ஞாபகம் இருந்துச்சுல்ல, போதும்."

வியாழக்கிழமை முழுக்க சந்தனசாமி வண்டிக்கு அடியில் கிடந்தார். ஜோனதன் வருவதற்கு முன்னால் குற்றத்தைக் கையும் களவுமாகக் கண்டுபிடித்து வைக்க வேண்டும் என்று ஒரு வெறி. அவர் கண்டுபிடிப்பதற்கு வழியும் செய்து வைத்திருந்தார். தம்போய்க்கு வண்டியை அனுப்புவதற்கு முதல் நாள், வண்டியில் கழற்றக்கூடிய சாமான் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து அனுப்பியிருந்தார்.

இது கிறுக்குத்தனம் இல்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பால் வாளி எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே தகரம். அடியில் தன் பெயிண்டைத் தீற்றி வைக்காதவன் மறுநாள் எவனுடைய ஓட்டை வாளியையோ தூக்கிக்கொண்டு பால் எடுக்கப் போவான். ஒரு வீட்டுக்கு நீலம், ஒரு வீட்டுக்குப் பச்சை. சந்தனசாமி வீட்டுக்குச் சிவப்பு. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, லயத்தை இடித்தும் ஆகிவிட்டது. இவர் மட்டும் மண்வெட்டிக்கும் சைக்கிள் பம்புக்கும் சிவப்பு வைப்பதை விடவில்லை.

டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார். ட்ரான்ஸ்பர் பெட்டியில் சிவப்பு இருந்தது. முன்பக்கம் போகிற தண்டில் இருந்தது. முன் அச்சில் இருந்தது. ஸ்டார்ட்டரில், ஆல்டர்னேட்டரில், ஸ்பிரிங் பட்டையில்கூட இருந்தது. எல்லாம் இவர் கை வைத்த பொட்டு. ஒன்றுகூட மாறவில்லை.

அப்படியென்றால் மருமகன் எதையும் உருவவில்லை.

நல்ல சேதிதான். ஆனால் இனி சந்தனசாமி யாரைத் திட்டுவது? யாருக்கும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜோனதன் வந்தான். காரின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. உள்ளே சாக்கில் கட்டிய ட்ரான்ஸ்பர்.

"மாமா, ஜேக் எங்க? மத்தியானத்துக்குள்ள எறக்கிடலாம்."

"எதுக்கு எறக்கணும்?"

"போன்ல சொன்னேன்ல? ட்ரான்ஸ்பர் போச்சு."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"வெளக்கு எரியுது, லீவர் விழுது, சக்கரம் இழுக்கல. வேற என்னா?"

"வெளக்கு எரிஞ்சா லீவர் விழுந்துச்சுன்னுதான் அர்த்தம். சக்கரம் வரைக்கும் அது போயி பாத்துட்டு வந்துச்சா? கீழ படு. நான் சொல்றத செய்யி."

"மாமா, நானும் மெக்கானிக்தான்."

"யாரு இல்லன்னா? படு."

ஜோனதன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். மாமனார் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் அணைந்திருந்தது. முதல் கியர் போட்டிருந்தது. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தார்கள்.

"முன்னுக்குப் போற தண்டப் புடிச்சுத் திருகு. இப்ப லீவர் ரெண்டுல இருக்கு."

"சுத்துது."

லீவரை இழுத்தார். "இப்ப நாலு. திருகு."

"சுத்தல." கொஞ்ச நேரம் முக்குகிற சத்தம். "அசையவே இல்ல மாமா."

"அப்ப ட்ரான்ஸ்பர் புடிக்குதா இல்லையா?"

வண்டிக்கு அடியில் இன்னொரு தடவை முக்குகிற சத்தம். பிறகு, "புடிக்குது" என்று வந்தது.

"அந்தச் சாக்க நீ தம்போய்லருந்து சும்மா தூக்கிக்கிட்டு வந்திருக்க."

"கார் டயருக்கு எக்சர்சைஸ்னு வெச்சுக்குங்க." ஜோனதன் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டான். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இல்லை. தொழில்காரனுக்குத் தப்பான சாமானைக் கழற்றாமல் தப்பித்ததே லாபம். "சரி. தண்டு வரைக்கும் இழுவை வருது. அப்ப அச்சு, இல்லன்னா ஹப். முன்பக்கம் முழுசா தூக்குவோம்."

அவன் சொன்னது சந்தனசாமி நினைத்ததேதான். அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருகு இருக்கும். அதுதான் ஹப். ரோட்டில் ஓடும்போது அதை விட்டு வைக்க வேண்டும், சேற்றில் இறங்குவதற்கு முன்னால் இறங்கிப் போய்க் கையால் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டினால்தான் அச்சும் சக்கரமும் ஒன்றாகும். சந்தனசாமிக்கு அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. கோடு மேலே பார்த்தால் பூட்டு, பக்கத்தில் பார்த்தால் விடுதலை. அது போதும். திங்கட்கிழமை மேட்டடியில் இரண்டு பக்கமும் கோட்டை மேலே பார்க்க வைத்துவிட்டுத்தான் ஏறினார்.

முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டை கொடுத்தார்கள். ஹப் இரண்டையும் பூட்டினார்கள். சந்தனசாமி இடது பக்கம் குந்தினார், ஜோனதன் வலது பக்கம்.

"உன் சக்கரத்த சுத்து."

வலது சக்கரம் சுழன்றது. தண்டு பூட்டியிருக்கும்போது ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் அடுத்த சக்கரம் பின்னால் சுற்ற வேண்டும். இடது சக்கரம் சந்தனசாமியின் மூக்குக்கு நேராக அப்படியே நின்றது.

"என்னா மாமா, திரும்புதா?"

"இல்ல."

"அப்ப இடது ஹப்புதான். ஒரு பக்கம் புடிக்கலன்னா இழுவ முழுசும் அந்தப் பக்கமே வீணாப் போயிடும். ரெண்டு சக்கரமும் செத்த மாதிரிதான்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. நான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

அப்போது சூசையம்மாள் கதவுப் பக்கம் நின்று, "மாப்ள, ரெண்டு மணி நேரம் காரோட்டிக்கிட்டு வந்தீங்க, வந்ததுலருந்து மண்ணுலயே கெடக்கறீங்க. உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. இவரு இன்னும் செத்த நேரம் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்றாள். ஜோனதன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான்.

சந்தனசாமி தனியாக இடது ஹப்பின் ஆறு போல்ட்டைக் கழற்றினார். மூடியை இழுத்தார். உள்ளே இருக்கும் பல் வளையம் திருகைத் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அச்சின் பல்லைக் கவ்வ வேண்டும். ஒரு சுருள் கம்பி அதைத் தள்ளும். விரலால் தள்ளிப் பார்த்தார். வளையம் அசையவில்லை. துணியால் கிரீஸைத் துடைத்தார்.

உள்ளே சிவப்பாக இருந்தது.

வளையத்தின் பல்லுக்குப் பல் சிவப்பு. காய்ந்து இறுகி, பல்லிடுக்கில் தார் மாதிரி பிடித்திருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். மூன்று வாரமாக மறந்திருந்தது இப்போது ஞாபகம் வந்துவிட்டது. பட்டறைக்காரன் முதலில் கை வைப்பது ஹப் மேல்தான் என்று எவனோ கோப்பிக்கடையில் சொன்னான். வெளியே பொட்டு வைத்தால் சுரண்டிவிடுவான் என்று இவரே ஹப்பைத் திறந்து, உள்ளே தூரிகையை விட்டுத் தாராளமாகத் தீற்றினார். வலது பக்கம் வருவதற்குள் டின்னில் பெயிண்ட் தீர்ந்துபோனது. அதனால் வலது பக்கம் பிழைத்தது. பிறகு மூன்று வாரம் வெயில். முன்சக்கரத்துக்கு வேலையே வரவில்லை. திங்கட்கிழமைதான் மழை வந்து கேட்டது.

மருமகன் கெடுக்கவில்லை. வயசு கெடுக்கவில்லை. இவர் கெடுத்தார்.

பெயிண்டைக் கரைக்கிற தின்னர் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. துணியை நனைத்து இரண்டு நிமிடம் தேய்த்தால் சிவப்பு போய்விடும். ஜோனதன் சோறு தின்றுவிட்டு வருவதற்குள் சுத்தமான வளையத்தைக் காட்டி, "துரு புடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை மேட்டில் ஏறலாம். ஊர் தன் பாட்டுக்கு, மருமகன் பயந்துபோய் வந்து சரி செய்துகொடுத்தான் என்று பேசும். இதையெல்லாம் சந்தனசாமி நினைத்தார். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

துணியையும் நனைத்துவிட்டார்.

ஆனால் ஊரில் ஒருத்தனையும் நம்பாத மனுசனுக்கு நம்புவதற்குத் தன்னைத் தவிர ஆள் கிடையாது. இப்போது தேய்த்தால் அந்த ஒரு ஆளும் போய்விடுவான். அப்புறம் எவன் கண்ணால் எதைப் பார்ப்பது? துணியைக் கீழே போட்டார்.

"ஜோனதன்! சாப்ட்டது போதும், இங்க வா."

ஜோனதன் எச்சில் கையோடு வந்தான். குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான். நகத்தால் சுரண்டினான்.

"பெயிண்ட்டா?"

"ஆமா."

"யாரு அடிச்சா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அடையாளத்துக்கு. உன் பட்டறைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி."

ஜோனதன் நிமிர்ந்தான். நகத்தில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தான். 

"நான் சாமான மாத்திடுவேன்னு."

"ஆமா."

"மாமா, மெலிசாவ எனக்குக் கட்டிக் குடுத்தப்ப அவமேலயும் ஒரு பொட்டு வெச்சு அனுப்பிருக்கலாமே?"

சந்தனசாமி வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து சூசையம்மாள் குரல் வந்தது. "வெச்சிருப்பாரு மாப்ள. அன்னிக்கும் டின் காலியா இருந்திருக்கும்."

ஜோனதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாக், அலமாக் என்று மலாயில் அங்கலாய்த்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சந்தனசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். மருமகன் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பில்லாத குரலில் பேசினான்.

"எனக்குப் பரவால்ல மாமா. ஆனா மெலிசா ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல. நீங்க வீட்டுல சொல்லல, ஊர்ல சொன்னீங்க. சொன்னதத் திருப்பி எடுக்கறதையும் ஊர்லயே எடுங்க. நாளைக்கு நானும் மேட்டுக்கு வர்றேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

"சொன்னா காளியம்மா என்னா கேப்பா தெரியுமா? சொந்த வண்டியக் கெடுத்துக்கிட்ட கெழவனுக்கு எதுக்குப் பழம்னு கேப்பா."

"கேக்கட்டும்."

"பதினெட்டு வருசம்டா."

"தெரியும் மாமா."

சந்தனசாமி வண்டியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "தின்னர எடு" என்றார்.

இருவருமாக வளையத்தை ஊற வைத்துத் தேய்த்தார்கள். பல்லிடுக்கைச் சந்தனசாமி ஊசியால் குத்தி எடுத்தார். கெட்டி கிரீஸை அப்பப் போனவனைத் தடுத்து, "அப்பாத. கெட்டியா அப்புனாலும் வளையம் நவுராது. எண்ணெ மாதிரி மெல்லிசா பூசு" என்றார். ஜோனதன், "அத நீங்க பெயிண்ட் அடிக்கறப்ப யோசிச்சிருக்கணும்" என்றான். சந்தனசாமி போல்ட்டை முறுக்கினார். மறுபடி வலது சக்கரத்தைச் சுற்றினார்கள். இடது சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்து இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்கள். சந்தனசாமி மூன்றாவது தடவையும் பார்த்தார்.

ராத்திரி பூரா மழை. சனிக்கிழமை விடிந்தபோது மேடு சிவப்புக் குழம்பாகிக் கிடந்தது. மேட்டடியில் சந்தனசாமி இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினார். ஜோனதன் இறங்கவில்லை. இறங்கிச் சரி பார்த்தால் மாமனாருக்குக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

லீவரை நாலில் தள்ளி, மெதுவான கியரில் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஸ்டேரிங்கில் இரண்டு கையையும் லேசாக வைத்துக்கொண்டு கிளட்சை விட்டார்.

வண்டி ஏறியது. ஓடவில்லை, துள்ளவில்லை, எருமை மாதிரி ஏறியது. திங்கட்கிழமை நின்ற இடத்தில் பின்பக்கம் ஒரு சாண் வழுக்கியது. அவர் காலை எடுக்கவில்லை. உடனே முன்பக்கம் ஸ்டேரிங்கில் ஒரு வெட்டு வெட்டியது. முன்சக்கரம் இரண்டும் மண்ணைப் பிடித்து வண்டியைத் தன் பக்கம் இழுப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, மருமகன் பார்ப்பதற்குள் போய்விட்டது.

"இழுக்குது மாமா."

"பின்ன?"

மேலே காளியம்மா நின்றாள். பக்கத்தில் இரண்டாம் தோப்புக்காரன் திருச்செல்வமும் இன்னும் நாலைந்து பேரும். பழக் கூடைகள் வரிசையாக நின்றன. சந்தனசாமி இஞ்சினை அணைத்தார். காளியம்மா ஜன்னல் பக்கம் வந்து உள்ளே பார்த்தாள்.

"ஏறிட்டீங்க. மாப்ளயும் வந்திருக்காரே. உருவுன சாமானத் திருப்பி வெச்சுட்டாராண்ணே?"

யாரோ சிரித்தார்கள். ஜோனதன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடையைத் தூக்க இரண்டு பையன்கள் வந்துவிட்டார்கள்.

"கூடைய வெய்யி. நான் பேசணும்" என்று சந்தனசாமி இறங்கினார். சேற்றில் கால் புதைய நின்றார். அவர் குரலை உயர்த்தினால் மேடே கேட்கும். அன்றைக்கும் அந்தக் குரலில்தான் பேசினார். "இவன் ஒன்னும் உருவல. நான் சொன்னது பொய். தெரியாம சொன்ன பொய்யி, இருந்தாலும் பொய்தான். என் வண்டிய நானே கெடுத்தேன். இவன் சாமான மாத்திடுவான்னு ஹப்புக்குள்ள பெயிண்ட் அடிச்சு வெச்சேன். அது காஞ்சு புடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை.  திருச்செல்வம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏன் சாமிண்ணே, சொந்த வண்டிய சொந்தக் கையாலயே கெடுத்துக்கிட்டவர நம்பி நாங்க எப்படிப் பழத்த ஏத்தறது?"

"நம்பாத. நான் மட்டும் ஒன்ன நம்புறனா? இங்க வா." சந்தனசாமி அவன் கையைப் பிடித்து மேட்டு விளிம்புக்கு இழுத்துப் போனார். "தடத்தப் பாரு. திங்கக்கெழம ரெண்டு சக்கரம் தோண்டுன குழி அங்க இருக்கு. இன்னிக்குக் குழி இருக்கா? நாலும் அழுத்திப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கு. இது பத்தலன்னா வண்டில ஏறு. கீழ எறங்கித் திரும்ப ஏறிக் காட்டறேன். எத்தன தடவ வேணும்?"

திருச்செல்வம் தடத்தைப் பார்த்தான். செருப்பால் ஒரு இடத்தை அமுக்கிப் பார்த்தான். பிறகு காளியம்மாவைப் பார்த்தான். எல்லாரும் காளியம்மாவைத்தான் பார்த்தார்கள்.

காளியம்மா சந்தனசாமியை மேலும் கீழும் பார்த்தாள். "அஞ்சு நாளா என் பழம் நாறுச்சுண்ணே. உங்க பெயிண்ட்டால."

"ஆமா."

"ஊரு பூரா இந்தப் புள்ளைய நாறடிச்சீங்க. அதையும் என் வாயால."

"ஆமா."

"வேற எதுலயாச்சும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களா? பிரேக்குல?"

"இல்ல."

"நெசமா?"

"ஸ்பிரிங் பட்டையில இருக்கு. அது ஒன்னும் பண்ணாது." சொல்லிவிட்டு அவரே ஜோனதனைத் திரும்பிப் பார்த்தார். ஜோனதன், ஒன்றும் பண்ணாது என்று தலையாட்டினான்.

அப்போதுதான் காளியம்மா சிரித்தாள். குடையை மடக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இங்க வாங்க மாப்ள, எறங்குங்க. உங்க மாமனாரு வாயால ஆமான்னு ரெண்டு தடவ கேட்டாச்சு. இதுக்கே ஒரு பழம் தரணும் உங்களுக்கு. டேய், என்னாடா நிக்கறீங்க, கூடைய ஏத்துங்க! கீழ கனமானத வெய்யி."

பையன்கள் ஓடினார்கள். ஜோனதனும் இறங்கி ஒரு கூடையைப் பிடித்தான். முள் குத்திக் கையை உதறியதைப் பார்த்துத் திருச்செல்வம், "தம்போய்க் கைலா, மெதுவா" என்று கிண்டல் செய்து தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். சந்தனசாமி கூடைக்கு மேல் கூடை வைக்க விடாமல், ஆடினால் சரியும் என்று பாதியை இறக்கச் சொல்லி மறுபடி அடுக்க வைத்தார். கயிற்றைத் தானே கட்டினார். பையன்கள் கட்டிய முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் கட்டினார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும்போது காளியம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்தாள்.

"லெட்சுமணனுக்கு நான் இன்னும் போன் பண்ணல."

"பண்ணாத."

"நாளைக்கு ஆறு மணிக்கு இங்க இருக்கணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. சிகாமட் மாதா கோயில்ல பூசை இருக்கு. முடிச்சுக்கிட்டு பத்து மணிக்கு வர்றேன்."

"பூசை முடியற வரைக்கும் என் பழம் முட்டி போட்டுக்கிட்டு இருக்குமாண்ணே?"

சந்தனசாமி யோசித்தார். பக்கத்தில் மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரிப்பது தெரிந்தது.

"இன்னிக்கு சாயங்காலப் பூசைக்குப் போயிக்கறேன்" என்றார். "நாளைக்கு அஞ்சரைக்கு வர்றேன். ஆறு மணின்னு சொல்லிட்டு நீங்க எல்லாரும்தான் தூங்குவீங்க."

மெதுவான கியரைப் போட்டு, சேற்றில் வழுக்கிவிடும் என்று பிரேக்கைத் தொடாமல், வண்டியை மேட்டிலிருந்து இறக்கினார்.